பீன்ஸ் கொடிக்கு இரண்டு கம்புகள்

என்ஜின் இல்லாத விமானத்தில் வந்தார்கள்.
ஒட்டுப்பலகை வயிற்றுக்குள்
ஒரு ஜீப், ஒரு குட்டைப் பீரங்கி.
சங்கிலி போட்டுக் கட்டியும் வழியெல்லாம்
மாடு மாதிரி முட்டியதாம் அது.
இரண்டு கைகளையும் கொம்பாக்கி
அவன்தான் நடித்துக் காட்டினான்.
அம்மா சிரித்தாள். திங்கட்கிழமை.
அதற்குப் பிறகு அவள் சிரித்தது
எனக்குத் தெரிந்து அடுத்த ஆண்டு மே மாதம்.

பெயர் ஹார்டேக்கர். சிரில்.
கீத்லியில், கம்பளி ஆலையில்,
அறுந்த இழையைத் தேடி முடிகிறவன்.
பெரிய கைகள்; விரல் நுனிகள் மட்டும்
வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல.
அந்த நுனிகளால்தான் திருகுகளை நகர்த்திப்
பீரங்கிக்குக் குறி வைப்பான்.

ஓஸ்டர்பேக்கில் எங்கள் முட்டைக்கோஸ் பாத்தியை வெட்டிப்
பீரங்கியை இறக்கினார்கள்.
சற்றுத் தள்ளி இரண்டு கம்புகள் நட்டார்கள்,
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்தவை.
எதிரி எந்தக் காட்டில் இருந்தாலும்
அவன் பார்ப்பது அந்தக் கம்புகளைத்தான்.
தெரியாததைச் சுட
தெரிந்த ஒன்று வேண்டுமாம்.

பேரிக்காய் மரம் குறுக்கே நின்றது.
வெட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டான்,
ஒரு கையில் கோடரி, மறு கையில் கழற்றிய தொப்பி.
நான்கு வருடமாய்
கேட்காமல் எடுத்தவர்களை மட்டுமே பார்த்திருந்தோம்.
பதில் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.
தலையசைத்தாள்.
காய்களையெல்லாம் பறித்து
இரும்புத் தொப்பியில் நிறைத்து
நிலவறைப் படியில் வைத்தபிறகே வெட்டினான்.

பிறகு நிலவறை.
போகிற குண்டுக்கு ஒரு சத்தம்,
வருகிற குண்டுக்கு வேறு.
தம்பி வவுட் எழுத்துக்கு முன் கற்றது அது.
செவ்வாய் முழுக்க எங்கள் பீரங்கி இருமியது.
எங்கள் பீரங்கி. அப்படித்தான் சொன்னோம்.
வியாழன், விட்டு விட்டு.
குண்டுப் பெட்டிகள் பாராசூட்டில் இறங்கின,
எதிரியின் பக்கம்.
வெள்ளியன்று தண்ணீருக்கு வந்தவன்
எவ்வளவு பாக்கி என்பதற்கு
ஒரு விரலைக் காட்டினான்.
மணிக்கு ஒன்றா, மொத்தமே ஒன்றா,
கேட்கத் தோன்றவில்லை.
சனிக்கிழமை
வருகிற சத்தம்.
மறுபடியும் வருகிற சத்தம்.

கூட்டாளிகள் அங்கேயே புதைத்தார்கள்,
முழங்கால் ஆழம்தான் தோண்ட முடிந்தது.
திங்கள் இரவு மழையில்
பூட்ஸுக்குக் கந்தல் சுற்றிக்கொண்டு
ஆற்றுப் பக்கம் போனார்கள்,
பீரங்கியின் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு.
நாங்கள் வேறு திசையில் விரட்டப்பட்டோம்.

மே மாதம் திரும்பினோம். கூரை இல்லை.
கம்புகள் இருந்தன.
அம்மா அவனைச் சுற்றி உருளைக்கிழங்கு போட்டாள்,
அவன் மேல் போடவில்லை.
பசி வருடம் அது. அந்த இடத்தில்
ஒரு கூடைக் கிழங்கு வருமே என்றாள்
அடுத்த வீட்டு ஹில்லெகொண்டா.
அம்மா காது கேளாதவளாக
கம்புகளைப் பிடுங்கி பீன்ஸுக்கு நட்டாள்.

ஆகஸ்டில் லாரியில் வந்தார்கள்,
கித்தான் விரித்து எடுத்துப் போனார்கள்.
இப்போது வரிசையில் அவனுக்கு ஓர் எண் உண்டு.
குழியை மூட
எடுத்த மண் போதவில்லை.

கீத்லியிலிருந்து ஒரு கடிதம், அவன் தாய்.
பாதிரியார் படித்துச் சொன்னார்.
வீரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.
கடைசி நாட்களில் சாப்பிட்டானா
என்று கேட்டிருந்தாள்.

மூன்று இரவு அம்மா காகிதத்தோடு உட்கார்ந்தாள்.
எழுதியது இவ்வளவுதான்:
எங்கள் மரத்துப் பேரிக்காய், நன்றாகப் பழுத்தது,
உங்கள் மகன் வயிறு நிறையத் தின்றான்.

தொப்பியில் இருந்தவை பதினேழு.
நானும் வவுட்டும் அம்மாவும்
எண்ணி எண்ணி, பதினேழையும்
தின்றிருந்தோம்.